தயிர்ச்சோறுக்குத் திராட்சை... சீஸுக்கு ஒயின்! ஜெர்மன் விருந்துக்குப் போகும் முன் தெரிஞ்சுக்க வேண்டியது என்ன?

ஜெர்மனியில் படிக்கும் வெளிநாட்டு மாணவர்களில் இந்தியர்கள்தான் முதலிடத்தில் இருக்கிறார்கள். வேலைக்குப் போகிறவர்களின் எண்ணிக்கையும் கூடிக்கொண்டே வருகிறது. அப்படிப் போகிறவர்களுக்கு முதல் சில மாதங்களிலேயே அலுவலகத்திலோ பல்கலைக்கழகத்திலோ ஓர் அழைப்பு வரும். "வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒயின், சீஸ் சுவைக்கலாம், வாங்க!"

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், தென்காசி மாவட்டம் சிவகிரி தாலுகாவில் இருக்கும் ராயகிரி போன்ற ஊரிலிருந்து போனவருக்கு இந்த அழைப்பு கொஞ்சம் தயக்கத்தைத் தரலாம். எதை எதோடு சாப்பிடுறது? குடிக்காதவர் போகலாமா? சைவம் சாப்பிடுகிறவர் சீஸைத் தொடலாமா? முடிஞ்சதும் வண்டி ஓட்டலாமா?

கடைசி இரண்டு கேள்விகளுக்கும் பலர் நினைப்பதற்கு மாறான பதில்தான் இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஒயினையும் சீஸையும் ஏன் சேர்த்துச் சாப்பிடுறாங்க?

இதைப் புரிந்துகொள்ள ஜெர்மனி வரை போக வேண்டாம். தயிர்ச்சோற்றில் நாலு திராட்சையோ மாதுளை முத்தோ போடுவது எதற்கு? பாலிலிருந்து வந்த கொழுப்பும் உப்பும் வாயில் தங்கும்போது, பழத்தின் இனிப்பும் புளிப்பும் அதைக் கழுவிவிடுகிறது. அடுத்த கவளம் முதல் கவளம் மாதிரியே ருசிக்கிறது. அதே தயிர்ச்சோறுக்கு புளியங்குடி எலுமிச்சையில் போட்ட ஊறுகாய் தொட்டுக்கொள்வதும் இதே கணக்குதான்.

சீஸும் பால் பொருள், ஒயினும் திராட்சைச் சாறு. ஆக, விஷயம் ஒன்றுதான்.

இதில் மூன்று விதிகளைத் தெரிந்துகொண்டால் போதும்.

1. புளிப்பு கொழுப்பை வெட்டும். புளிப்புத் தூக்கலான வெள்ளை ஒயின், வெண்ணெய் மாதிரி இருக்கும் சீஸின் கனத்தைக் குறைக்கும்.
2. இனிப்பு உப்பைச் சமாளிக்கும். உப்புக் கரிக்கும் நீலப்பூஞ்சை சீஸுக்கு இனிப்பு ஒயின். மாங்காய்க்கு உப்பு தொட்டுக்கொள்வதைத் திருப்பிப் போட்ட மாதிரி.
3. துவர்ப்புக்கு வயதான, கெட்டியான சீஸ். சிவப்பு ஒயினில் இருக்கும் துவர்ப்பு, நெல்லிக்காய் கடித்ததும் நாக்கு இழுக்குமே, அதே வகை. அது இளசான, குழைவான சீஸோடு சேர்ந்தால் கசக்கும். பல மாதம் வைத்துப் பழுத்த கெட்டிச் சீஸோடுதான் அடங்கும்.

சிவப்பு ஒயின்தானே சீஸுக்குச் சரி?

சினிமாவில் அப்படித்தான் காட்டுவார்கள். ஆனால் அமெரிக்காவின் டேவிஸ் நகரில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006-ல் வெளியிட்ட ஆய்வு வேறு மாதிரி சொல்கிறது. எட்டு வகை சீஸ், எட்டு சிவப்பு ஒயின்களை வைத்துப் பயிற்சி பெற்றவர்களிடம் சுவை பார்க்கச் சொன்னார்கள். சீஸ் சாப்பிட்ட பிறகு ஒயினின் துவர்ப்பு மட்டுமல்ல, அதன் பழ வாசனை போன்ற நல்ல குணங்களும் சேர்ந்தே மங்கிப்போயின. வெண்ணெய் வாசனை மட்டும்தான் விதிவிலக்கு.

பெரும்பாலான சீஸ்களுக்கு வெள்ளை ஒயின்தான் தோது என்று பல நிபுணர்கள் சொல்வதற்குக் காரணம் இதுதான். ஜெர்மனி கைகொடுப்பதும் இங்கேதான். அங்குள்ள திராட்சைத் தோட்டங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வெள்ளை ஒயினுக்கான ரகங்கள். அதில் தலைமகன் ரீஸ்லிங்.

குளிர் நாடு என்பதால் அங்கே திராட்சை மெதுவாகப் பழுக்கும், புளிப்பு குறையாமல் நிற்கும். மோசல், ரைன்காவ், ரைன்ஹெஸ்ஸன், ஃபால்ட்ஸ், ஃபிராங்கன், பாடன் என்று மொத்தம் 13 ஒயின் வட்டாரங்கள் ஜெர்மனியில் உள்ளன. அதில் பெரியது ரைன்ஹெஸ்ஸன்.

பாட்டிலில் எழுதியிருக்கும் வார்த்தைகளுக்கு என்ன அர்த்தம்?

பனைமரத்தில் இறக்கிய பதநீரில் சுண்ணாம்பு இல்லையென்றால் என்ன ஆகும்? சர்க்கரை புளித்து, கள்ளாகிவிடும். (கள்ளுக்கு 1987 முதல் தமிழ்நாட்டில் தடை.) திராட்சைச் சாறும் அப்படித்தான். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக மாற்றுகிறது. முழுக்கத் தின்றுவிட்டால் இனிப்பில்லாத ஒயின். பாதியில் நின்றால் இனிப்பு ஒயின்.

எவ்வளவு சர்க்கரை மிச்சம் என்பதை பாட்டில் லேபிள் சொல்லிவிடும்.

- ட்ரோக்கன்: இனிப்பு கிடையாது. லிட்டருக்கு அதிகபட்சம் 9 கிராம் சர்க்கரை.
- ஹால்ப்ட்ரோக்கன்: லேசான இனிப்பு. பொதுவாக 18 கிராம் வரை.
- லீப்லிஷ்: நல்ல இனிப்பு. 45 கிராம் வரை.
- ஸூஸ்: அதற்கும் மேல்.
- ஃபைன்ஹெர்ப்: இதற்குச் சட்டத்தில் அளவு இல்லை. ஏறக்குறைய ஹால்ப்ட்ரோக்கன் பக்கம் இருக்கும்.

இன்னொரு வரிசையும் இருக்கிறது. கபினெட், ஷ்பேட்லேசெ, அவுஸ்லேசெ, பேரன்அவுஸ்லேசெ, ஐஸ்வைன், ட்ரோக்கன்பேரன்அவுஸ்லேசெ. பறிக்கும்போது திராட்சையில் எவ்வளவு சர்க்கரை இருந்தது என்பதைச் சொல்லும் தரவரிசை இது. ஐஸ்வைனுக்கு மைனஸ் 7 டிகிரியிலோ அதற்குக் கீழோ கொடியிலேயே உறைந்த திராட்சையைப் பறிக்க வேண்டும்.

ஷ்பேட்லேசெ என்றால் 'தாமத அறுவடை'. இதற்கு ஒரு கதை சொல்வார்கள். 1775-ல் ரைன்காவ் பகுதியின் யோஹானிஸ்பெர்க் தோட்டத்தில் திராட்சை பறிக்க, உரிமையாளரான ஃபுல்டா மடாதிபதியின் அனுமதி வர வேண்டும். அனுமதி கொண்டுவரும் குதிரைக்காரர் வாரக்கணக்கில் தாமதம். அதற்குள் திராட்சையில் பூஞ்சை பிடித்துச் சுருங்கிவிட்டது. வேறு வழியில்லாமல் அதையே பிழிந்தார்கள். வந்ததோ அதுவரை ருசிக்காத அருமையான இனிப்பு ஒயின். அந்தக் குதிரைக்காரருக்கு இன்றும் அங்கே சிலை நிற்கிறது.

சரி, எதுக்கு எது?

சுவை மாலையில் பெரும்பாலும் லேசானதில் தொடங்கிக் கனமானதில் முடிப்பார்கள். வழக்கமான வரிசை இது.

- முதல் சுற்று: செக்ட் எனும் நுரைக்கும் ஒயின் + கமம்பேர் போன்ற, வெள்ளைத் தோல் போர்த்திய குழைவான சீஸ். நுரை, நாக்கில் படிந்த கொழுப்பைச் சுரண்டி எடுத்துவிடும்.
- இரண்டாம் சுற்று: ட்ரோக்கன் ரீஸ்லிங் + ஆட்டுப்பால் சீஸ். இரண்டிலும் புளிப்பு, ஒன்றை ஒன்று அடக்காது.
- மூன்றாம் சுற்று: ஃபிராங்கன் பகுதியின் சில்வானர் + பட்டர்கேஸெ. இரண்டுமே சாந்தமானவை. சீஸ் சாப்பிட்டுப் பழகாதவர்கள் பயமில்லாமல் தொடங்க ஏற்ற ஜோடி.
- நான்காம் சுற்று: ஷ்பேட்புர்குண்டர் எனும் சிவப்பு ஒயின் + மாதக்கணக்கில் பழுத்த ஆல்காய் பெர்க்கேஸெ. ஷ்பேட்புர்குண்டரில் துவர்ப்பு குறைவு என்பதால் சண்டை வராது.
- ஐந்தாம் சுற்று: ஷ்பேட்லேசெ ரீஸ்லிங் அல்லது கெவுர்ட்ஸ்ட்ராமினர் + லிம்பர்கர். லிம்பர்கரின் வாடை கருவாட்டுக் குழம்பு வீட்டு வாசலில் நிற்கிற மாதிரி இருக்கும். வாடையைப் பார்த்து ஓட வேண்டாம். வாயில் போட்டால் சுவை அவ்வளவு கடுமையாக இருக்காது.
- கடைசிச் சுற்று: அவுஸ்லேசெ அல்லது அதற்கு மேல் + கம்போட்ஸோலா போன்ற நீலப்பூஞ்சை சீஸ். உப்பும் தேனும் சேர்ந்த மாதிரி. பலரும் இதைத்தான் அன்றைய மாலையின் உச்சம் என்பார்கள்.

ஹெஸ்ஸன் மாநிலத்தில் விருந்து என்றால் ஹான்ட்கேஸெ என்ற சீஸ் வரும். வினிகரிலும் வெங்காயத்திலும் ஊறவைத்திருப்பார்கள். அதற்கு 'இசையோடு' என்று கேலிப்பெயர். அங்கே அதற்கு வழக்கமான ஜோடி, ஆப்பிளில் செய்த அப்ஃபெல்வைன்.

மேசையில் எப்படி நடந்துக்கணும்?

பெரிய சடங்கு எதுவும் இல்லை. கிளாஸைக் காம்பில் பிடிக்க வேண்டும்; கை சூடு ஒயினுக்கு ஆகாது. கிளாஸை உயர்த்தி "ட்சும் வோல்" என்று சொல்லும்போது எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்க்க வேண்டும். பார்க்காவிட்டால் அங்கே மரியாதைக் குறைவு.

முதலில் ஒயின் ஒரு வாய். பிறகு சீஸ் ஒரு துண்டு. பிறகு மறுபடி ஒயின். மாற்றம் அப்போதுதான் தெரியும். ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவில் தண்ணீரும் வெறும் ரொட்டியும்.

பிடிக்கவில்லை என்றால் மேசையில் இருக்கும் பாத்திரத்தில் ஊற்றிவிடலாம், துப்பவும் செய்யலாம். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். பாத்திரம் வைத்திருப்பதே அதற்குத்தான்.

விருந்தை நடத்துகிறவர் என்றால் சீஸை ஒரு மணி நேரம் முன்பே ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துவைக்க வேண்டும். குளிர்ந்த சீஸில் வாசனை எழாது. ஒரு ஆளுக்கு ஒவ்வொரு சீஸிலும் 20 முதல் 30 கிராம், ஒவ்வொரு ஒயினிலும் 50 மில்லி போதும்.

கொஞ்சம் கொஞ்சம்தானே குடிச்சது... வண்டி ஓட்டலாமா?

இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். கணக்கைப் பாருங்கள்.

50 மில்லி வீதம் ஐந்து சுற்று என்றால் 250 மில்லி. 12 சதவீத ஒயினில் அது சுமார் 24 கிராம் சுத்த ஆல்கஹால். 70 கிலோ எடையுள்ள ஆணின் ரத்தத்தில் இது தோராயமாக 0.5 புரோமில், அதாவது 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் அளவைத் தொடும். 60 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 0.7 வரை போகலாம். நேரம் ஆக ஆகக் குறையும் என்றாலும், வெறும் வாய்ச் சுவை என்று நினைத்தது எங்கே கொண்டுபோய் விடுகிறது பாருங்கள்.

ஜெர்மனியில் கார் ஓட்டுகிறவருக்கு வரம்பு 0.5 புரோமில். அதைத் தாண்டினால் முதல் முறையே 500 யூரோ அபராதம், ஒரு மாதம் ஓட்டத் தடை, இரண்டு புள்ளிகள். 0.3 இருந்தும் வண்டி தடுமாறினால்கூட வழக்கு பாயலாம். 21 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கும், புதிதாக லைசன்ஸ் வாங்கி இரண்டு ஆண்டுகள் முடியாதவர்களுக்கும் வரம்பு பூஜ்ஜியம். சைக்கிளில் போனாலும் 1.6 புரோமிலைத் தாண்டினால் குற்றம்.

இந்தியாவில் சட்டம் இன்னும் கடுமை. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம்தான் வரம்பு. மீறினால் முதல் முறை ரூ.10,000 அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். மேலே சொன்ன ஐந்து சுற்று இந்த வரம்பைச் சுலபமாகத் தாண்டிவிடும். சுவை மாலைக்குப் போனால் திரும்ப வருவது பஸ்ஸிலோ ரயிலிலோ என்று முன்பே முடிவு பண்ணிவிடுவதுதான் ஒரே வழி.

சைவம் சாப்பிடுறவங்க சீஸ் சாப்பிடலாமா?

பால்தானே என்று நினைத்தால் தப்பு. பாலைத் திரிய வைக்க வீட்டில் எலுமிச்சை பிழிவார்கள். ஐரோப்பாவின் பாரம்பரிய சீஸ்கள் பலவற்றில் அதற்குப் பயன்படுவது ரென்னெட். கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதி அது. இத்தாலியின் பார்மிஜானோ ரெஜ்ஜானோ சீஸில் விலங்கு ரென்னெட் கட்டாயம் என்று விதியே இருக்கிறது.

ஜெர்மன் கடைகளில் லேபிளைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். வெறும் 'லாப்' என்று இருந்தால் விலங்கிலிருந்து வந்ததாக இருக்க வாய்ப்பு அதிகம். 'மிக்ரோபியெல்லெஸ் லாப்' என்றால் நுண்ணுயிரிகளிலிருந்து எடுத்தது, பிரச்சனை இல்லை. இந்தியாவில் விற்கும் பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருந்தால் அதில் விலங்கு ரென்னெட் இல்லை.

ஒயினிலும் இதே சிக்கல் உண்டு. கலங்கலைத் தெளிவிக்க ஜெலட்டின், முட்டை வெள்ளைக்கரு, மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் பொருள் ஆகியவற்றைச் சில இடங்களில் பயன்படுத்துவார்கள். 'வீகன்' என்று எழுதிய பாட்டிலில் இவை இருக்காது.

குடிக்காதவங்க போகலாமா?

தாராளமாகப் போகலாம். "இஷ் ட்ரிங்கெ கைனென் அல்கோஹோல்", அதாவது 'நான் மது குடிப்பதில்லை' என்று ஒரு வரி சொன்னால் போதும். திராட்சை ஜூஸோ, ஆப்பிள் ஜூஸில் சோடா கலந்த அப்ஃபெல்ஷோர்லெயோ தருவார்கள். சீஸோடு இரண்டுமே நன்றாகச் சேரும், ஏனென்றால் வேலை செய்வது அந்தப் புளிப்பும் இனிப்பும்தான்.

ஒரு எச்சரிக்கை: 'அல்கோஹோல்ஃப்ரை' என்று எழுதிய ஒயினில்கூட 0.5 சதவீதத்துக்குக் கீழ் ஆல்கஹால் இருக்கலாம். ஒரு சொட்டும் கூடாது என்பவர்கள் ஜூஸையே கேட்பது நல்லது.

யார் எல்லாம் கவனமா இருக்கணும்?

கர்ப்பிணிகளுக்கு மது கூடவே கூடாது. காய்ச்சாத பாலில் செய்த குழைவான சீஸும் வேண்டாம். அதில் லிஸ்டீரியா என்ற பாக்டீரியா இருக்கும் அபாயம் உண்டு. எம்.ஏ.ஓ. தடுப்பான் வகை மனச்சோர்வு மருந்து எடுப்பவர்களுக்குப் பழுத்த சீஸில் இருக்கும் டைரமைன் ரத்த அழுத்தத்தை ஆபத்தான அளவுக்கு ஏற்றிவிடும். பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு மட்டும் ஒரு நல்ல செய்தி: நீண்ட நாள் பழுத்த கெட்டிச் சீஸில் லாக்டோஸ் மிகக் குறைவு.

மதுவில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என உலக சுகாதார அமைப்பு 2023 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. 'ஒயின் இதயத்துக்கு நல்லது' என்று யாராவது சொன்னால் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

நம்மூர்ல இதைச் செஞ்சு பார்க்க முடியுமா?

சீஸுக்குப் பஞ்சமில்லை. கொடைக்கானல் சீஸ் பல ஆண்டுகளாகப் பேர் பெற்றது. ஆரோவில்லிலும் சென்னையிலும் கைவினை சீஸ் செய்கிறார்கள். ஒயின்தான் விலை உயர்ந்தது. இறக்குமதி ஒயினுக்கு இந்தியா 150 சதவீத சுங்கவரி போட்டுவந்தது. 2026 ஜனவரி 27 அன்று பேச்சுவார்த்தை முடிந்ததாக அறிவிக்கப்பட்ட இந்தியா-ஐரோப்பிய ஒன்றிய வர்த்தக ஒப்பந்தம் நடைமுறைக்கு வரும்போது, இது முதலில் 75 சதவீதமாகவும் பிறகு படிப்படியாகவும் குறையும். ஆனால் பால் பொருட்களுக்கு இந்தியா இந்தச் சலுகையைத் தரவில்லை. இங்குள்ள பால் விவசாயிகளைக் காக்கத்தான் இந்த முடிவு.

தமிழ்நாட்டில் மது வாங்கவும் குடிக்கவும் குறைந்தபட்ச வயது 21. டிக்கெட் போட்டு மது பரிமாறும் நிகழ்ச்சியை உரிமம் இல்லாமல் நடத்த முடியாது.

இதற்கெல்லாம் மாற்று, ராயகிரியிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் இருக்கும் கம்பம் பள்ளத்தாக்கில் விளைகிறது. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை!

இந்தத் திராட்சையின் ரகப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். அதன் பெற்றோரில் ஒன்று ட்ரோலிங்கர். ஜெர்மனியின் வூர்ட்டம்பெர்க் பகுதியில் இன்றும் சிவப்பு ஒயினுக்குப் பயிராகும் அதே ரகம். ட்ரோலிங்கரையும் ரீஸ்லிங்கையும் ஒட்டு சேர்த்து 1929-ல் ஜெர்மனியில் உருவான வெள்ளை ரகம் கெர்னர். ஆக, ஜெர்மன் சுவை மாலையில் கெர்னர் ஊற்றினால், அது கம்பம் திராட்சைக்கு ஒரு வகையில் உடன்பிறப்பு!

பன்னீர் திராட்சையைக் கொட்டையோடு பிழிந்து, வடிகட்டி, சர்க்கரை போடாமல் குளிரவைத்த சாறு. பக்கத்தில் கொடைக்கானல் சீஸ் ஒரு துண்டு. உரிமம் வேண்டாம், ஊதுகுழல் சோதனை பயம் வேண்டாம், வீட்டில் பாட்டி முதல் பேரன் வரை எல்லாரும் உட்காரலாம். முதலில் ஒரு வாய் சாறு, பிறகு சீஸ், மறுபடி சாறு. மூன்றாவது வாயில் சுவை மாறியிருக்கிறதா என்று பார்த்தால், ஜெர்மன்காரர்கள் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து எதைத் தேடுகிறார்கள் என்பது புரிந்துவிடும்.

(மது நாட்டுக்கும், வீட்டுக்கும், உயிருக்கும் கேடு)